பாதி படித்துக் கொடுத்த புத்தகம்

புத்தகம் விற்பது ஒரு தொழில். "இதைப் படிங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லி விற்பது வேறு தொழில், அதில் அடி எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. நீங்களும் யார் கையிலாவது ஒரு புத்தகத்தைத் திணித்து அனுப்பிவிட்டு, அவர் திரும்பி வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பீர்கள். அப்படி அவதிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் குற்றமில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. வீடு சேலத்தில், வேலை திருச்செங்கோட்டில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடையில். கடையில் முக்கால்வாசி இன்ஜினியரிங் பாடப்புத்தகமும் கைடும்தான். என் தொல்லை பொறுக்காமல் முதலாளி ஒரே ஒரு அலமாரியை எனக்கு விட்டுக்கொடுத்தார். அதன் நெற்றியில் 'வாளும் மந்திரமும்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினேன். கையில் வாளோடு ஒரு தனி ஆள், எதிரே மாயவித்தை தெரிந்த ஒருவன், இவ்வளவுதான் இந்த வகைக் கதை. உலகத்தைக் காப்பாற்றும் கவலை அதில் கிடையாது. தன் கழுத்தும் கூட இருப்பவர் கழுத்தும் தப்பினால் போதும். இந்த நாலைந்து வருஷமாகச் சின்னச் சின்னப் பதிப்பகங்கள் இதைத் தமிழிலேயே போடுகின்றன. எழுதுகிறவர்கள் பாதிப் பேர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். யார், எங்கே, எதை வெளியிடுகிறார்கள் என்று வாட்ஸப் குழுக்களில் மோப்பம் பிடித்துத் தேடி வரவழைப்பது என் வேலை. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வேலை என்றும் சொல்லலாம்.

பாயாசம்

நான் படிப்பது பஸ்ஸில். காலையில் சேலத்தில் ஏறி, ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம் வழியாகத் திருச்செங்கோடு போய் இறங்குவதற்குள் உட்கார இடம் கிடைத்தால் நாற்பது பக்கம் ஓடும். சாயங்காலம் நின்றுகொண்டே வந்தால் இருபது. இந்தக் கணக்கில் ஒரு தடிமனான நாவலை முடிக்க ஒரு வாரம் ஆகும். அதற்குள் அடுத்த பார்சல் வந்துவிடும். புதுப் புத்தகத்தின் வாசனை மூக்கில் ஏறினால் பழையது அப்படியே பையின் அடியில் தங்கிவிடும். ஆனால் படித்த பாதி மனசில் சூடாக இருக்குமே, வாடிக்கையாளர் வந்து நின்றதும் அந்தச் சூட்டிலேயே பேசிவிடுவேன். வாள்சண்டை அப்படி, மந்திரவாதி இப்படி, முடிவு பிரமாதம் என்று. முடிவை நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

பில் போடும் மோகனா ஒருநாள் என் பைக்குள் எட்டிப் பார்த்தாள். நாலு புத்தகம், நாலிலும் நடுவில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. காலையில் அந்த நாலையும்தான் முடிவுவரை புகழ்ந்து விற்றிருந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாதிச் சோத்தத் தின்னுட்டு, பாயாசம் பிரமாதம்னு எப்படிங்கக்கா கூசாம சொல்றீங்க?"

காடு கரை இல்லாத ஆள்

சேந்தமங்கலம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், பேத்திக்குக் கைடு வாங்க வந்த இடத்தில் என் அலமாரி முன்னால் நின்றார். அட்டையில் வாளைப் பார்த்ததும் ராஜா கதை என்று நினைத்துவிட்டார். இந்த 'ராஜா கதை' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இவன் ராஜா இல்லை, படைத்தலைவனும் இல்லை, கூலிக்குச் சண்டை போடுகிறவன் என்று பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுத்துப் போனார்.

பத்து நாள் கழித்து வந்து, முழுதும் படித்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு ஒரே பெருமை. எப்படி இருந்தது என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, மனசில் வெகுநாளாக உறுத்தியதைக் கேட்கிற மாதிரி கேட்டார்: "அவன் வெட்டறதெல்லாஞ் சரிதானுங்க அம்மிணி. காடு கரை ஒண்ணும் இல்லாத ஆளு, எதுக்குங்க சண்டைக்குப் போறான்?"

ஃபாதர் கேட்டது

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு அம்மாள், ஸ்டெல்லா மந்திரவாதப் புத்தகம் விற்கிறாள் என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் கூப்பிட்டார். இரண்டு புத்தகங்களை ஜெபமாலையோடு ஒரே பையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். புரட்டிப் பார்த்தவர், கெட்டது கடைசியில் தோற்கிறதா என்று மட்டும் கேட்டார். தோற்கிறது ஃபாதர் என்று உடனே சொன்னேன். இரண்டில் ஒன்றைப் பாதியும் மற்றதைக் கால்வாசியும்தான் படித்திருந்தேன். கோயில் வளாகத்தில் நின்று சொன்ன பொய் என்பதால் வீட்டுக்குப் போகும்வரை கழுத்து வியர்த்தது.

இரண்டு வாரம் ஃபாதர் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. மூன்றாவது ஞாயிறு கொண்டுவந்து நீட்டினார். முகத்தில் கோபம் இல்லை. எத்தனை பேர் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டவர். மெதுவாகச் சொன்னார்: "ரெண்டுலயும் தோத்துதும்மா. ஆனா நீ சொன்னப்போ, படிச்சுட்டுச் சொன்ன மாதிரி எனக்குத் தெரியலை."

அப்போதே நான் திருந்தியிருக்க வேண்டும். தப்பித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் திருந்தவில்லை.

எத்தனை அடியில் தண்ணி

செல்லமுத்துவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரிக் வண்டியில் போர் ஓட்டுகிறவர்; கம்பி மேல் கம்பி பூட்டி இறக்கி ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை. திருச்செங்கோட்டு வண்டிகள் வடக்கே எங்கெங்கோ போகும். போனால் எட்டு மாசம் லாரிதான் வீடு. முதன்முதலில் கடைக்கு வந்தபோது, வண்டி கிளம்பப் போகிறது, படிக்க ஏதாவது வேண்டும் என்றார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். எந்த ஊரில், எத்தனை அடியில் மண், எத்தனை அடியில் பாறை, எங்கே ஈரம் என்று எழுதிவைக்கும் நோட்டு.

நான் வழக்கம்போல ஒரு நாவலை எடுத்து வாயாரப் புகழ்ந்தேன். அவர் புத்தகத்தின் முதுகைக் கட்டைவிரலால் அளந்து பார்த்துவிட்டு, இதில் தண்ணி எத்தனை அடியில் வரும் என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. கதை எத்தனையாவது பக்கத்தில் சூடு பிடிக்கும் என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார் என்று மோகனா விளக்கினாள். அறுபதாவது பக்கம் என்றேன். அது உண்மை; அறுபது வரை படித்திருந்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "நூறுக்குள்ள தண்ணி வரலீன்னா நான் பாயிண்ட்ட மாத்திருவேனுங்க மேடம், வீணா ஓட்டிக்கிட்டிருக்க மாட்டேன்."

போர் போட நிலத்தில் குறித்துக் கொடுக்கும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். அதற்குப் பிறகு வண்டி ஊர் திரும்பும்போதெல்லாம் அவர் வருவார். இரண்டு வருஷத்தில் என் அலமாரியில் பாதியைப் படித்துவிட்டார். எனக்கு வாய்த்த வாசகர்களில், தண்ணி வந்த புத்தகம் எதையும் பாதியில் விடாதவர் அவர் ஒருவர்தான். அந்த வகையில் என்னைவிட மேல்.

அழ வைக்காத கதை

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, வண்டி வெளியூரில் இருக்க வேண்டிய சமயத்தில் செல்லமுத்து கடைக்கு வந்தார். மகள் தாரணிக்குப் பதிமூன்று வயது. ரத்தத்தில் நோய் என்று சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மருந்து ஏற ஏறப் பிள்ளைக்குக் கண்ணைத் திறந்து படிக்க முடியவில்லை. போனைப் பார்த்தால் வாந்தி வருகிறதாம். அப்பா படிப்பாரே அந்தக் கத்திச் சண்டைக் கதை, அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ராத்திரி அம்மா கூட இருப்பார், பகல் முழுக்க இவர். அவள் வயசில் ஒரு பெண் வருகிற கதையாக, அழ வைக்காத கதையாகப் பார்த்துக் கொடுங்கள் என்றார்.

அதற்கு முந்தின வாரம்தான் 'கருங்கோட்டைக் கூலிவாள்' என்று ஒரு நாவல் வந்திருந்தது, இரண்டு பிரதி. வேங்கன் என்று ஒரு கூலி வாள்வீரன். அவனோடு ஊர் ஊராகச் சுற்றும் இமை என்ற சிறுமி. அவள் ரத்தத்தில் ஊமத்தன் என்ற மந்திரவாதி ஏற்றிவைத்த சாபம். சாபத்தை எடுக்க வழி தேடிப் போகிறார்கள். நான் இருநூறாவது பக்கம் வரை படித்திருந்தேன். அதுவரைக்கும் இமை வாயாடிக்கொண்டும், களவாடிக்கொண்டும், வேங்கனுக்கே வாள் வீசக் கற்றுக்கொடுக்கிற மாதிரி பேசிக்கொண்டும் வருவாள். இந்தப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் உலகத்திலேயே கிடையாது என்று எனக்குத் தோன்றியது. சிபாரிசு செய்கிறவர்களுக்குத் தெரியும், அப்படித் தோன்றும்போது ஒரு போதை வரும்.

கதை எப்படி முடியும் என்று அவர் கேட்டார். கவலையே வேண்டாம், நல்லபடியாக முடியும் என்றேன். ஆஸ்பத்திரியில் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வார்கள் என்று நானே பிளாஸ்டிக் அட்டை போட்டுக் கொடுத்தேன். அவர் உள்ளே பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீங்க சொன்னாப் போதுமுங்க."

மல்லசமுத்திரம் தாண்டியதும்

அந்த வாரம் முழுக்க வேறொரு நாவலில் மூழ்கியிருந்தேன். ஆனால் பாதியில் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டாவது பிரதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நிற்கத்தான் இடம். மல்லசமுத்திரம் தாண்டியதும் இருநூற்றுப் பன்னிரண்டாவது பக்கம் வந்தது. "இமையின் விரல்கள் அவன் உள்ளங்கைக்குள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன" என்று அந்தப் பக்கம் தொடங்கியது. அடுத்த மூன்று பக்கத்தில் அவளை எரித்துவிட்டு வேங்கன் தனியாக நடந்தான். மீதிப் புத்தகம் முழுக்கப் பழிவாங்கல்.

எழுதியவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மூன்று பக்கமும் அவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து பக்கம் படித்தால் இன்றைக்கு அந்த இடத்துக்கு வந்திருப்பார்கள். முப்பது படித்தால் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. மொபைலில் கூப்பிட்டேன், அணைத்து வைத்திருந்தார். மோகனாவைக் கூப்பிட்டு, அவருடைய வேறு நம்பர் ஏதாவது கடையில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாகக் கிண்டல் செய்கிறவள் அன்றைக்கு அதைச் செய்யவில்லை. இவ்வளவுதான் சொன்னாள்: "அக்கா, அவரு உங்களக் கேட்டுட்டுத்தானுங்க வாங்கினாரு."

திரும்பாத பக்கம்

மறுநாள் காலை முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகக்கவசம் கொடுத்து, வார்டு கதவுக்கு வெளியிலேயே நிற்கச் சொன்னார்கள். கதவு பாதி திறந்திருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் செல்லமுத்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் போர்வை தெரிந்தது, அதன் மேல் ஒரு மெலிந்த கை தெரிந்தது.

அவர் ஏட்டுத் தமிழை எழுத்து எழுத்தாகப் படிக்கிறவர். அன்றைக்கு அப்படிப் படிக்கவில்லை. வேங்கன் கருங்கோட்டைப் பாறை மேல் காதை வைத்துக் கேட்டான், உள்ளே தண்ணி ஓடுகிற சத்தம் கேட்டது, சாபத்தை எடுக்கிற தண்ணியை ஊமத்தன் அங்கேதான் பதுக்கி வைத்திருந்தான் என்றார். வேங்கன் இரும்புக் கம்பியை ஒன்றோடு ஒன்று பூட்டி இறக்கினான். முதலில் வெள்ளைப் புழுதி வந்தது. அப்புறம் கறுப்புப் புழுதி. முந்நூறு அடி, நானூறு அடி. இமை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக எண்ணிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு வரி அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. மடியில் புத்தகம் திறந்திருந்தது. நான் கால் மணி நேரம் நின்றேன். அவர் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழ வைக்காத கதையைக் கேட்டவரிடம் நான் செய்த வேலை இது என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது.

சாப்பாடு வந்ததும் வெளியே வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேற்று மத்தியானம் அந்தப் பக்கத்துக்கு வந்ததாகச் சொன்னார். முதல் வரியைப் படிக்கப் போகும் முன் கண் கீழே ஓடிவிட்டதாம். தண்ணீர் குடித்துவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். இதை முழுசாகப் படித்துவிட்டுத்தான் கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை, பாதிதான் படித்தேன் என்றேன். வேறு புத்தகம் கொண்டுவரட்டுமா என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். இமை என்ன ஆனாள் என்று தெரியாமல் மகள் விடமாட்டாள் என்றார். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தப் பாயிண்ட்ட மாத்த வழியில்லீங்க மேடம். தண்ணி வர வரைக்கும் ஓட்டித்தானுங்க ஆகோணும்."

விலை இல்லாத மந்திரம்

அதற்குப் பிறகு காலையில் பஸ் ஏறுவதற்கு முன் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்குப் போய்விடுவேன். அன்றைக்குச் சொல்ல வேண்டிய கதையை இரண்டு பேரும் இருபது நிமிஷத்தில் முடிவு செய்வோம். அவருக்குப் பாறை, மண், கம்பி, லாரி எல்லாம் வரும், மந்திரம்தான் வராது. அங்கே நான் கைகொடுத்தேன். பாதி பாதியாகப் படித்த நூறு நாவல்கள் அப்போது உதவின. ஊமத்தனுக்குக் காவல் இருக்கும் பூதத்தை எப்படி ஏமாற்றலாம், சபிக்கப்பட்ட வாளை எந்தக் கையில் பிடிக்கலாம் என்று நான் சொல்லச் சொல்ல, அடிக்கணக்கு எழுதும் நோட்டில் குறித்துக்கொள்வார். கிரானைட் வந்தால் பூதம் வரட்டும், ஈரமண் வந்தால் வழி விடட்டும் என்று அவராகவே சேர்த்துக்கொள்வார். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறிய நாட்களில் கதை வேகமாகப் போகும். இறங்கிய நாட்களில் வேங்கனும் இமையும் எங்காவது உட்கார்ந்து சோறு தின்பார்கள்.

ஒரே இடத்தில் முட்டிக்கொண்டோம். இந்த வகைக் கதைகளில் மந்திரம் சும்மா வேலை செய்யாது. சாபம் நீங்க வேண்டுமென்றால் யாராவது எதையாவது கொடுக்க வேண்டும். விலை இல்லாத மந்திரமே கிடையாதா என்று கேட்டார். தேடிப் பார்த்தேன், நான் படித்த எதிலும் இல்லை. பொய் சொல்லியிருக்கலாம், அவரிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு நா வரவில்லை. அவர் டீக் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். அப்படியானால் வேங்கனின் ஆயுசை மொத்தமாக எடுத்துக்கொள்ளட்டும், அவன் எழுதிக் கொடுத்துவிடுவான் என்றார். யோசித்துச் சொன்னது மாதிரி இல்லை. எப்போதோ முடிவு செய்துவிட்டதைச் சொன்னது மாதிரி இருந்தது. அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை எனக்கு முன்னாலேயே டீக்கடையில் நின்றிருந்தார். கதை அந்த இடத்தைத் தாண்டவில்லை என்றார். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன்: "பாப்பா ஒத்துக்க மாட்டீங்கறாளுங்க. மொத்தமாக் குடுத்துட்டா அப்புறம் இமைக்குக் கத்தி புடிக்க யாரு சொல்லிக் குடுக்கறது, வேணுமுன்னா ஆளுக்குப் பாதி குடுக்கட்டும்ங்கறா."

இருநூற்றுப் பன்னிரண்டு

எண்ணூற்று நாற்பது அடியில் தண்ணீர் வந்தது என்று கேள்விப்பட்டேன். இமை அதில் தலை முழுகினாள், வேங்கன் பாதி நரைத்துப் போனான், இரண்டு பேரும் அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். அந்த வாரமே தாரணியை முதல் சுற்று மருந்து முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. டாக்டர்கள் பாடுபட்டார்கள். அதன் பிறகும் பல சுற்று மருந்து இருந்தது, பல தடவை போய்ப் படுத்தாள். செல்லமுத்து எட்டு மாசம் வண்டிக்குப் போகவில்லை.

இந்தச் சித்திரையில் ஒருநாள், முகக்கவசம் போட்ட ஒரு பெண் அலமாரி முன்னால் வந்து நின்றாள். முடி ஒரு விரற்கடைதான் வளர்ந்திருந்தது. அப்பா எதிரில் உதிரிபாகக் கடையில் நிற்கிறார், இப்போது வந்துவிடுவார் என்றாள். இன்னும் மாசம் ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறாளாம், மற்றபடி பள்ளிக்கூடம் போகிறாளாம். 'கருங்கோட்டைக் கூலிவாள்' இருக்கிறதா என்று கேட்டாள்; வீட்டில் இருப்பதை அப்பா கண்ணில் காட்டுவதில்லையாம். இல்லை, தீர்ந்துவிட்டது என்றேன். அந்தப் புத்தகம் என் தோளுக்குப் பின்னால் இருந்தது. அவள் அதை என் தோளுக்கு மேலாகப் பார்த்து, எட்டி எடுத்து, தேடாமல் நேராக இருநூற்றுப் பன்னிரண்டாவது பக்கத்தைப் பிரித்தாள். நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே பக்க எண் தெரிந்ததாம். அப்பா தண்ணீர் குடித்ததற்குப் பிறகு அந்த எண் மாறவே இல்லையாம். ஒரு நாளைக்கு எத்தனையோ மணி நேரம் படித்தும், அதன் பிறகு பதினேழு நாளும் அதே இருநூற்றுப் பன்னிரண்டு. அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. இமை செத்துப்போயிருப்பாள் என்றும், அதை அப்பாவால் படிக்க முடியவில்லை என்றும் புரிந்துகொண்டு, மறுநாள் கதை என்ன ஆகும் என்று காத்திருந்திருக்கிறாள்.

நின்றபடியே அந்த நாலு பக்கத்தையும் படித்தாள். தடுக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? கைடுகளை அடுக்குகிற மாதிரி பாவனை செய்துகொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோகனா பில் போடுவதை நிறுத்திவிட்டாள். தாரணி அழவில்லை. ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்த மாதிரி தெரிந்தது. பிறகு புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். தான் இதைப் படித்ததை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ரோட்டைக் கடந்து செல்லமுத்து வருவது தெரிந்தது. அவர் படியேறுவதற்குள் அவள் என் பக்கம் குனிந்து, எழுதியவர் மேல் உண்மையிலேயே வருத்தப்படுகிறவள் மாதிரி சொன்னாள்: "இதை எழுதுனவரு சீக்கிரம் நிறுத்திட்டாருங்கக்கா. இன்னும் நாலு கம்பி எறக்கியிருந்தா தண்ணி வந்திருக்கும்."

இப்போதெல்லாம் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் சிபாரிசு செய்வதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன், ஆனாலும் இந்த நாலைந்து வருஷத்து வாள்கதைகளில் எது சிறந்தது என்று யாராவது கேட்டால், அச்சிலேயே வராத, கதவுக்கு வெளியே நின்று கால் மணி நேரம் மட்டும் கேட்ட ஒன்றைத்தான் சொல்கிறேன்.